ஐந்து நாளில் ஏழு மலை



காலாண்டுத் தேர்வு நெருங்கினாலே நம் அலுவலகத்துக்கு ஒரே சாயலில் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு லீவு, வாசலில் ஒரு கார், மனசில் ஒரு மலை. இந்த முறை திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வண்டியில் ஐந்து பேர். கையில் ஐந்து நாள். பார்க்க வேண்டிய இடங்களையும் அவரே குறித்து அனுப்பிவிட்டார்: ஊட்டி, முதுமலை, பந்திப்பூர், டாப்சிலிப், வால்பாறை, மூணாறு, கொடைக்கானல். "எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரலாம் சார்?" என்பதுதான் கேள்வி.

எந்த வரிசையில் போனாலும் முடியாதம்மா. ஏழு ஊரிலும் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்கள் மாமியார் அந்த ஐந்து நாளில் பாதியைப் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கழிப்பார். இந்த மாதப் பக்கத்தை உங்களுக்கான பதிலாகவே எழுதிவிடுகிறேன். இதே பட்டியலோடு இன்னும் பல வீடுகளில் பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையில் கிலோமீட்டர் கணக்கு செல்லுபடியாகாது, மணிக்கணக்குத்தான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். சமவெளியில் அது ஒரு மணி நேர ஓட்டம். இங்கோ ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். எதிரே அரசுப் பேருந்து வந்தால் நீங்கள் ஒதுங்க வேண்டும். பாறை விளிம்பில் வரையாடு நின்றால் யாரும் சொல்லாமலே நின்றுவிடுவீர்கள். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைத்துப் போட்ட கணக்கு எதுவும் அந்தச் சாலையில் தேறாது. உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் போனால் மூன்று மணி நேரம். எங்கும் நிற்காமல் போவதென்றால் அந்தப் பாதையில் எதற்குப் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

உங்கள் பட்டியலில் மூணாறும் கொடைக்கானலும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தேன். வரைபடத்தில் அவை பக்கத்து வீடு போலத்தான் தெரியும். ஒரு காலத்தில் பாதையும் இருந்தது. டாப் ஸ்டேஷனைத் தாண்டி வந்தரவு, பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குப் போன அந்த மலைச்சாலையை இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் 'தப்பிக்கும் சாலை' என்று இன்றும் சொல்கிறார்கள். இப்போது அது காட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நம் வண்டிக்கு வழியில்லை. ஒரு மலையை முழுக்க இறங்கி, சமவெளியைச் சுற்றி, இன்னொரு மலையை முழுக்க ஏற வேண்டும். ஒரு பகல் அதிலேயே போய்விடும். கொடைக்கானலை அடித்துவிடுங்கள்.

அடுத்தது, காட்டின் கடிகாரம். பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது. முதுமலைப் பக்கமும் அப்படித்தான். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் பாதையிலும் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 முதல் இரவுத் தடை இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே கட்டிவிட்டார்கள். வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தாயிற்று. ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பெட்டி அடுக்கும்போது நினைத்துக்கொள்கிற காரியமல்ல இது. தேதி முடிவானதுமே பதிவு செய்துவிட வேண்டும்.

இந்தத் தடைகளைப் பற்றிச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. "ரோடு இருப்பதே போவதற்குத்தானே" என்பார்கள். இரவில் அந்தச் சாலைகளில் வேகமாக வந்த லாரிகளில் அடிபட்டுச் செத்த மான், சிறுத்தை, யானைக்கன்று கதைகளைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பகலில் 15 மணி நேரம் நமக்கு, இரவில் 9 மணி நேரம் அவற்றுக்கு. பங்கீட்டில் நமக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. திட்டம் போடுகிறவருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை வழியும் கிடைக்கிறது: இரவு எங்கே தங்குவது என்பதை முதலில் எழுதுங்கள், எதைப் பார்ப்பது என்பதை அப்புறம் எழுதுங்கள். இருட்டுவதற்குள் அறைக்கு வந்துசேர முடியாத நாள் என்றால், அந்த நாளின் திட்டம் தப்பு.

சரி, ஏழில் எதை வைத்துக்கொள்வது? நீலகிரிச் சுற்று தனி, ஆனைமலைச் சுற்று தனி. ஒரே பயணத்தில் இரண்டையும் கோப்பது வேண்டாம். நீலகிரிச் சுற்று என்றால் மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி. அதில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியாக ஏறலாம். ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க வெளிமாவட்ட வண்டிகளை விடுவதில்லை. 36 வளைவும் செங்குத்துச் சரிவும் உள்ள அந்தச் சாலையில் பிரேக் சூடேறி நடந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே சுற்று எப்போதும் கூடலூர் வழி இறங்கி, கல்லட்டி வழி ஏறுவதாகத்தான் இருக்க வேண்டும். மசினகுடியில் அறை எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் மீதான வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாம் தூங்கும் கட்டில் யாருடைய வழியில் கிடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

நீங்கள் திருப்பூர்க்காரர் என்பதால் உங்களுக்கு ஆனைமலைச் சுற்றைத்தான் சொல்வேன். பக்கம் என்பதற்காக மட்டுமல்ல. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். பல்லடம், காங்கேயம் பக்கம் வயற்காட்டுக்குப் பாய்கிற பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட) வாய்க்கால் தண்ணீர், மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர். பரம்பிக்குளம், ஆழியாறு என்று அணைகளும் சுரங்கங்களும் வைத்து அதைக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். தாராபுரம், கரூர் வரை போகும் அமராவதியின் தலைமாட்டைத் தேடினால், அது ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் பாம்பாறு என்ற பெயரில் பிறக்கிறது. கேரளத்திலிருந்து கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் அது ஒன்று; மற்ற இரண்டும் கபினி, பவானி. நீங்கள் போகப்போகும் பாதை ஏறக்குறைய அந்தத் தண்ணீர் இறங்கிவரும் பாதைதான்.

முதல் நாள் டாப்சிலிப். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை சோதனைச் சாவடி, அங்கிருந்து காடு. பம்பாய்க் கப்பல் தளத்துக்காக வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் இது. வெட்டி வெட்டியே காடு மொட்டையானபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வெட்டுவதை முறைப்படுத்தி, தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தார். கைத்தடியால் நிலத்தில் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று அங்கே கதையாகச் சொல்கிறார்கள். 1933-இல் இறந்தவரை, அவர் விருப்பப்படியே அந்த மரங்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மரத்தைவிட யானைதான் பிடிக்கும் என்றால், பக்கத்துக் கோழிகமுத்தியில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. பல ஆண்டுகள் காட்டு யானைகளை மடக்கிப் பிடிக்க உதவிய கலீம் என்ற கும்கி 2023-இல் ஓய்வு பெற்றபோது, வனத்துறையினர் அதற்கு சல்யூட் அடித்து மரியாதை செய்தார்கள். பணி ஓய்வு விழாவில் துளியும் பொய் பேசாமல் புகழப்பட்டது அந்த ஒரு ஊழியர்தான் என்று நினைக்கிறேன்.

டாப்சிலிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம். கேரளத்துக் காடு, ஆனால் வண்டியில் போவதற்குத் தமிழ்நாட்டுப் பக்கம்தான் வழி. இரண்டு மாநில வனத்துறைக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். அங்கே கன்னிமாரா என்று ஒரு தேக்கு நிற்கிறது. ஐந்து பேர் கைகோர்த்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். உங்கள் வண்டியில் சரியாக ஐந்து பேர் இருக்கிறீர்கள்.

இரண்டாம் நாள் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கி, ஆழியாறு வழியாக வால்பாறை. இந்தப் பாதையில் ஒன்பதாவது வளைவிலுள்ள காட்சிமுனையில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழை ஓய்கிற காலாண்டு லீவில் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் வேகத்தைக் குறையுங்கள். சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று அங்கே சாலையைக் கடந்துகொண்டே இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அவை கடக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் நீட்டும் ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும், அந்தப் பாலத்தை மறந்துவிட்டு அவை ரோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த குரங்கு அடுத்த வண்டியில் அடிபடும்.

வால்பாறையில் நான் அதிகம் மதிக்கிற விஷயம் அருவியோ தேயிலையோ அல்ல. ஒரு சிவப்பு விளக்கு. அங்கே காட்டைத் திருத்தித் தேயிலை போட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் யானைகள் தங்கள் பழைய வழிகளை விடவில்லை. ஓடையோரத்தில் மிச்சமிருக்கும் காட்டுத்துண்டுகளைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட்டுகளுக்கு நடுவே வந்துபோகின்றன. ஒரு காலத்தில் மாலையில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு நடக்கும் தொழிலாளி, இருட்டில் யானையை நேருக்கு நேர் முட்டிக்கொண்டு உயிர்விடுவது அடிக்கடி நடந்தது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் யானைகள் எங்கே நிற்கின்றன என்று தினமும் பின்தொடர்ந்து பார்த்து, அதைத் தொழிலாளர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்க் கேபிள் டி.வி.யில் ஓடும் வரியாகவும் அனுப்ப ஆரம்பித்தார்கள். முக்கியமான இடங்களில் கம்பம் நட்டு, கைப்பேசியிலிருந்தே எரியவைக்கும் சிவப்பு விளக்குகளும் வைத்தார்கள். அந்த விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். நிறையப் பேர் பிழைத்தார்கள். 2015-இல் அந்தப் பணிக்குச் சர்வதேச விட்லி விருது கிடைத்தது. ஆகவே மாலையில் வால்பாறைச் சாலையில் கம்பத்தில் சிவப்பு மினுங்குவதைப் பார்த்தால், யாரோ கடை விளம்பரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கேமராவோடு இறங்கிவிடாதீர்கள். வண்டியை விட்டு இறங்காமல் அறைக்குப் போய்ச் சேருங்கள்.

வால்பாறையில் இரண்டு இரவு இருங்கள். இரண்டாவது பகலில் ஒன்றும் செய்யாதீர்கள். அதிரப்பள்ளி வரை போய்வரலாமே என்று ஆசை வரும். மளக்கப்பாறை, வாழச்சால் சாவடிகளுக்கு இடையே அற்புதமான காடுதான். ஆனால் சீட்டில் நேரம் எழுதித் தருவார்கள், அந்த நேரத்துக்குள் அடுத்த சாவடியை அடைய வேண்டும், மாலையில் விடமாட்டார்கள். மாமியாருக்கு அது வேண்டாம். காலையில் தேயிலைக்குள் மேயும் காட்டுமாடுகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சூடாக இரண்டு பஜ்ஜி சாப்பிட்டால் போதும்.

நாலாம் நாள் விடியற்காலையில் இறங்கி, உடுமலை வழியாக மூணாறு. இவ்வளவு கொஞ்ச தூரத்தில் இத்தனை வகைக் காடு காட்டும் சாலை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முள்காடு. மேற்கே மூணாறு மழையில் ஊறிக்கிடக்கும்போது, மலையின் மறைவில் இருக்கும் சின்னாறுக்கு ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். கள்ளியும் வேலமரமும் நட்சத்திர ஆமையும் வாழ்கிற இடம். ஆற்றோரத்து மருதமரங்களில் சாம்பல் நிற அணில். அங்கிருந்து ஏற ஏறக் காற்று மாறும். தூவானம் அருவி சாலையிலிருந்தே தெரியும். அதுதான் நான் முன்னே சொன்ன பாம்பாறு. மறையூரில் சாலையின் இருபுறமும் கம்பிவேலி போட்ட காடு வந்தால், உள்ளே சந்தன மரம். பாறைமேடுகளில் பெருங்கற்கால முனியறைகள் நிற்கின்றன. ஊருக்குள் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் வாசனை வந்தால் நிறுத்தி வாங்குங்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே புல்வெளியும் சோலையும்.

ஐந்தாம் நாள் காலையில் இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1978-இல் தேசியப் பூங்காவானது. அதற்கு முன் தேயிலைத் துரைமார்கள் வேட்டையாடிய மலை. வேட்டைக்கு மிருகம் வேண்டுமென்று அவர்களே காவல் போட்டு வைத்திருந்ததால்தான் வரையாடு இங்கே தப்பியது. நம் வண்டியை நுழைவிடத்திலேயே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குப் போக வேண்டும். அங்கே சாலையோரமாகவே நடக்கலாம், முழங்கால் வலி உள்ளவர்களும் கொஞ்ச தூரம் நடந்து திரும்பலாம். கைத்தடி ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கேரளத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று சிலர் கேலி செய்வார்கள். நம் பக்கமும் சும்மா இல்லை; 2022-இல் வரையாடு காப்புத் திட்டத்தை அறிவித்து, 2024-இல் எண்ணியபோது 1,031 என்று கணக்கு வந்தது. பின்னால் பனிமூட்டம் விலகினால் 2,695 மீட்டர் ஆனைமுடி தெரியும். விலகாவிட்டால் மலைமேல் கோபித்துக்கொண்டு பயனில்லை. ஒரு எச்சரிக்கை: குட்டி ஈனும் காலமென்று பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலையை மூடிவிடுவார்கள். இன்னொன்று, குறிஞ்சி எப்போது பூக்கும் என்று இப்போதே கேட்கிறவர்களுக்கு: 2018-இல் பூத்தது, இனி 2030.

மூணாறு பக்கம் படையப்பா என்ற பெயரில் ஒரு கொம்பன் யானை திரிகிறது. ரஜினி ரசிகர்கள் சூட்டிய பெயராகத்தான் இருக்க வேண்டும். சாலையில் அதைப் போன்ற ஒன்று நின்றால், தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், இறங்கவே வேண்டாம். அது போகிற வழியை விட்டுப் பின்னால் நகர்ந்துகொள்ளுங்கள். வெளியூர் வண்டிக்காரர்கள் பின்னாலிருந்து அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும்.

உங்கள் கணவருக்கு நாலு வார்த்தை. இப்போது பெரும்பாலான புதுக் கார்கள் ஆட்டோமேட்டிக். 'டி'யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்குகிறார்கள். பத்தாவது வளைவில் கருகிய நாற்றம் வரும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் கைமுறையாகக் குறைக்க வழி வைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் இறங்கி மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் யாருக்கும் வேண்டாம். நாற்றம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வருகிறவருக்குத்தான் வழி. பனிமூட்டத்தில் தாழ்ந்த விளக்கு போதும், உயர்த்திப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

உடுமலையிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னாறு காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜி-பேயை நம்பிச் சாவடியில் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுச்சோற்றை எவர்சில்வர் தூக்கில் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீருக்கும் வீட்டுப் பாட்டில்தான். வாந்தி வருகிற பிள்ளையை முன்சீட்டில் உட்காரவைத்து, கையிலிருக்கும் போனைப் பிடுங்கிவிட்டால் பாதி சரியாகிவிடும். திரும்பும்போதும் அதே மறையூர்ச் சாலையில் இறங்குங்கள். போன வழியே திரும்புவது வீண் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது வலப்பக்கச் சன்னலில் இருந்தவர்களுக்கு இறங்கும்போது வேறு மலை. மதியத்துக்குள் கிளம்பிவிட்டால் இருட்டுமுன் உடுமலை.

கார் இல்லாத வாசகர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வீர்கள், தெரியும். பொள்ளாச்சி–வால்பாறை, உடுமலை–மூணாறு இரண்டு பாதையிலும் பேருந்து இருக்கிறது. மலையைப் பார்க்க அதுதான் நல்ல வண்டி என்பது என் தனிப்பட்ட கட்சி, ஏனென்றால் ஓட்டுகிறவர் உட்பட எல்லோரும் வெளியே வேடிக்கை பார்க்கும் ஆபத்து அதில் இல்லை. அந்தப் பேருந்துகளில் போனவர்கள் எழுதுங்கள்: எந்த நேரத்து வண்டி, எங்கே டீக்கு நிறுத்துவார்கள், எந்தப் பக்கச் சன்னல். இந்தக் கடைசி விஷயத்தில் எங்கள் உதவி ஆசிரியர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. வருகிற கடிதங்களை அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்